கோஜி பெர்ரியை யார், எவ்வளவு உண்ணலாம்?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள சீன மருந்துக் கடைக்கு, என் தந்தையின் கண்பார்வைக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கோஜி பெர்ரி வாங்கச் சென்றிருந்தேன். கடையை நடத்தும் மூதாட்டி கண்ணாடிச் சாடியைத் திறப்பதற்கு முன்பே, யாருக்காக வாங்குகிறேன் என்றும், இரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்றும் விசாரித்தார். தந்தை பல ஆண்டுகளாக வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றேன். மருத்துவரைக் கேட்காமல் தர மாட்டேன் என்று சாடியை மீண்டும் அலமாரியில் வைத்துவிட்டார்.

சீனர்கள் 'கோவ்ச்சி' என்று அழைக்கும் இப்பழம், கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடியில் காய்ப்பது. மஞ்சளாறு பாயும் நிங்சியா வட்டாரம், அதிலும் ஜோங்நிங், இதற்குப் பெயர் பெற்றது. பழைய மருந்து நூலான ஷென்னோங் பென்சாவோ இதை நெடுநாள் உண்ணத்தக்க மேல்வகுப்பு மருந்துகளில் சேர்க்கிறது. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வலுப்படுத்திக் கண்ணைத் தெளிவாக்கும் என்பது சீன மருத்துவத்தின் கணிப்பு. சீன அரசின் மருந்துத் தொகுப்பு நாளொன்றுக்குக் குறிப்பிடும் அளவு 6 முதல் 12 கிராம்தான். கைநிறைய அள்ளிக் கொறிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கண்ணைப் பற்றிய நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. விழித்திரையின் மையத்தைக் காக்கும் ஸீயாக்சாந்தின் என்ற நிறமி இப்பழத்தில் மிகுந்துள்ளது. கலிபோர்னியாவில் நடத்தி 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், 45 முதல் 65 வயதுக்குட்பட்ட 13 பேர் 28 கிராம் வீதம் வாரம் ஐந்து முறை 90 நாட்கள் உண்டபோது, விழித்திரையில் அந்த நிறமியின் அடர்த்தி கூடியிருந்தது. மிகச் சிறிய ஆய்வு. உண்டவர்களும் நலமாக இருந்தவர்கள். ஆகவே கண்நோயைக் குணப்படுத்தும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. புற்றுநோயைத் தீர்க்கும், ஆயுளை நீட்டும் என்ற விளம்பரங்களை நான் அறவே ஏற்பதில்லை. இன்னொன்று: அந்த நிறமி கொழுப்பில் கரைவது, நீரில் அன்று. வெந்நீர்க் குடுவையில் ஊறவைத்து நீரை மட்டும் அருந்திவிட்டுப் பழத்தை எறிந்துவிட்டால், கண்ணுக்கு வேண்டிய பகுதி பெரும்பாலும் பழத்தோடு போய்விடும்.

மூதாட்டி அஞ்சியதற்குக் காரணம் உண்டு. வார்ஃபரின் எடுத்துக்கொண்டு நிலையாக இருந்த 61 வயதுச் சீனப் பெண் ஒருவர், இப்பழத்தில் தயாரித்த செறிவான தேநீரை நாளுக்கு மூன்று நான்கு தம்ளர் அருந்தியபோது, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும், 2 முதல் 3 வரை இருக்க வேண்டிய அவருடைய ஐ.என்.ஆர் அளவு 4.1-க்கு ஏறியதாக 2001-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. தேநீரைக் கைவிட்ட பிறகு அது இறங்கியது. பின்னர் வேறு சிலருக்கும் இவ்வாறு நேர்ந்தது பதிவாகியிருக்கிறது. அந்த அளவு ஏறினால் உள்ளே இரத்தம் கசியும் ஆபத்து உண்டு என்பதை, மாதந்தோறும் தந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் நான் நன்கறிவேன்.

சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்களும், கருவுற்றவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பீச் பழமோ தக்காளியோ ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் செந்நிறத்தைக் கண்டு மயங்க வேண்டாம். கந்தகப் புகையூட்டிய பழம் அப்படித்தான் பளபளக்கும், முகர்ந்தால் மூக்கில் நெடி ஏறும். முறையாக உலர்ந்த பழம் சற்று மங்கலாக, அடர்சிவப்பாக இருக்கும்.

மருத்துவரும் தந்தைக்கு வேண்டாம் என்றே சொன்னார். எனக்காக நூறு கிராம் வாங்கி வந்தேன். கோழி சூப் கொதித்து முடிந்ததும் தந்தையின் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, அதன் பிறகே மீதியில் ஒரு கரண்டிப் பழத்தைப் போட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் விடுகிறேன்.