சிசிலி டைசன் மறுத்த வேடங்கள்

1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'ஈஸ்ட் சைட் வெஸ்ட் சைட்' என்ற தொடர் ஓடத் தொடங்கியதும், முடியலங்காரம் செய்பவர்களுக்கு நடிகை சிசிலி டைசன் மேல் கோபம் வந்தது. எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களே என்று அவருக்கே முறையிட்டார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் சூடேற்றிய இரும்புச் சீப்பால் முடியை நீவி நேராக்கிக்கொண்டுதான் நாலு பேர் முன்னால் வர வேண்டும் என்றிருந்த காலம் அது. டைசன் தன் சுருட்டை முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, அப்படியே கேமரா முன்னால் நின்றார். அதைப் பார்த்த பெண்கள் பலர் தாங்களும் வெட்டிக்கொண்டார்கள். சீப்புக்கு வேலை குறைந்தது.

இதற்கு முன்பே ஒரு தொலைக்காட்சி நாடகத்தில், ஆப்பிரிக்க மரபை விடாமல் பற்றியிருக்கும் ஒரு பெண்ணாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட ஒருத்தி தலைமுடியை நேராக்கிக்கொள்ள மாட்டாளே என்று தோன்றியது. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஹார்லெமில், ஆண்கள் முடிவெட்டும் கடைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து, வெட்டிவிடுங்கள் என்றார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கதாபாத்திரம் கேட்டது, செய்தார்.

'ஈஸ்ட் சைட் வெஸ்ட் சைட்' தொடரின் நாயகன் ஜார்ஜ் சி. ஸ்காட், நியூயார்க்கின் சமூக நலப் பணியாளராக வருவார். டைசனுக்கு அந்த அலுவலகத்தின் செயலாளர் வேடம். ஒரு தொலைக்காட்சி நாடகத் தொடரில் வாராவாரம் வரும் பாத்திரம் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைப்பது அன்று அதிசயம். தென் மாநிலங்களில் சில நிலையங்கள் தொடரை ஒளிபரப்பவே மறுத்துவிட்டன. ஒரு பருவத்தோடு அது நின்றுபோனது.

செயலாளர் வேடத்துக்கு அவர் புதிதாக எதையும் பழகியிருக்கத் தேவையில்லை. நடிக்க வருவதற்கு முன் நியூயார்க்கில் செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் அவர். ஒருநாள் இருக்கையை விட்டு எழுந்து, வாழ்நாள் முழுவதும் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்திருப்பதற்காகக் கடவுள் என்னைப் படைத்திருக்க மாட்டார் என்று எல்லோரும் கேட்கச் சொன்னாராம். இதை எழுதும் நான் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்து, அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றவள். அந்த வேலையை நான் குறைவாக நினைத்ததில்லை. என் பிள்ளைகள் படித்தது அதில்தான். ஆனாலும் சம்பளம் தவறாமல் வரும் ஒரு நாற்காலியை விட்டு எழுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். டைசன் எழுந்தபோது அவரை நம்பி ஒரு மகள் இருந்தாள். பதினேழு வயதில் பிறந்த மகள். பதினெட்டில் நடந்த திருமணமும் நிலைக்கவில்லை. இந்தக் கணக்குகளையெல்லாம் போட்டுப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பார்.

அவருடைய பெற்றோர் கரீபியன் கடலில் உள்ள நெவிஸ் தீவிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவர்கள். தந்தை தச்சு வேலை செய்தார், சுவருக்கு வண்ணம் பூசினார், தள்ளுவண்டியில் பழம் விற்றார். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தார். 1924 டிசம்பரில் பிறந்த சிசிலி, சிறுமியாக இருக்கும்போதே தெருவில் பைகள் விற்றிருக்கிறார். தாய்க்குத் தேவாலயம்தான் உலகம்; நாடக மேடை பாவம் குடியிருக்கும் இடம். மகள் நடிக்கப் போகிறேன் என்றதும், அப்படியானால் இந்த வீட்டில் உனக்கு இடமில்லை என்றார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு மகளை மேடையில் பார்த்துவிட்டுத் தாய் மனம் மாறினார். அந்தத் தாயின் மேல் எனக்கு வருத்தம் உண்டு, மரியாதையும் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதில் நிற்கும் பிடிவாதத்தை மகளுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

1961இல் நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் பிளேஹவுஸ் என்ற சிறிய அரங்கில், பிரெஞ்சு நாடகாசிரியர் ஜான் ஜெனேயின் 'தி பிளாக்ஸ்' அரங்கேறியது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், மாயா ஏஞ்சலோ, லூயிஸ் காசெட், ராஸ்கோ லீ பிரவுன் ஆகியோரோடு டைசனும் மேடையேறினார். அந்த நாடகம் 1,400 காட்சிகளைத் தாண்டி ஓடியது. அடுத்த ஆண்டு டிரினிடாட் நாடகாசிரியர் எரல் ஜான் எழுதிய நாடகத்தில் நடித்தார். தன் பெற்றோரின் தீவுப் பேச்சு காதில் ஒலித்துக்கொண்டே வளர்ந்தவருக்கு அது வீட்டுச் சொத்து போல இருந்திருக்க வேண்டும். அதற்கு விருதும் கிடைத்தது.

இனி 'சவுண்டர்'. 1972இல் மார்ட்டின் ரிட் இயக்கிய படம். 1930களின் லூசியானாவில் குத்தகைக்குப் பயிரிடும் ஒரு கறுப்பினக் குடும்பம். பசிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு துண்டு இறைச்சியைத் திருடிய தகப்பனைப் பிடித்து, கடுங்காவல் முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எந்த முகாம் என்றுகூடக் குடும்பத்துக்குச் சொல்ல மாட்டார்கள். மனைவி ரெபெக்கா பிள்ளைகளை வைத்துக்கொண்டு அறுவடையை முடிக்கிறாள்.

இயக்குநர் முதலில் டைசனுக்குக் கொடுக்க நினைத்தது பள்ளி ஆசிரியை வேடம். ரெபெக்காவுக்கு நீங்கள் மிக இளமையாக இருக்கிறீர்கள், அழகாகவும் இருக்கிறீர்கள் என்று காரணம் சொன்னார். படித்த, நன்றாக உடுத்திய, கௌரவமான ஆசிரியையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, சேற்றுக்காலோடு நிற்கும் ரெபெக்காவைக் கேட்டு வாங்கினார் டைசன். அவரைப் பற்றிப் பேசும்போது பலர் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தை என்று நினைக்கிறேன். வேலைக்காரி, பாலியல் தொழிலாளி, போதைக்கு அடிமையானவள் என்று வந்த வேடங்களை அவர் மறுத்தார் என்று எழுதுகிறார்கள். உண்மைதான். அதை வைத்து, 'தாழ்ந்த' வேடங்களில் நடிக்க மாட்டார் போலும் என்று முடிவு கட்டினால் அது முழுத் தவறு. ரெபெக்கா அடுத்தவர் துணியைத் துவைப்பவள். பின்னாளில் 'தி ஹெல்ப்' படத்தில் முதிய வீட்டுப் பணியாளாகவும் டைசன் வந்தார். என்ன தொழில் என்று அவர் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு மனது, கோபம், ஆசை, நேற்று, நாளை இருக்கின்றனவா, அல்லது இன்னொருவர் கதையில் தட்டு ஏந்தி வரும் வெறும் கையா என்றுதான் பார்த்தார். ஒரு கதையைப் படிக்கும்போது ஒன்று என் மேனி சிலிர்க்கும், அல்லது வயிற்றைப் புரட்டும் என்று அவர் பேட்டிகளில் சொல்வதுண்டு. சிலிர்த்தால் நடிப்பார். புரட்டினால் எவ்வளவு பணம் என்றாலும் இல்லை.

படத்தில் ஒரு காட்சி. முகாமிலிருந்து விடுபட்ட கணவன் ஊன்றுகோலோடு தூரத்தில் நொண்டி நொண்டி வருகிறான். முதலில் நாய்தான் குரைக்கிறது. ரெபெக்கா எழுந்து பார்க்கிறாள், நம்ப முடியாமல் நிற்கிறாள், பிறகு ஓடுகிறாள். அழகாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணமே அந்த ஓட்டத்தில் கிடையாது. கைகள் முன்னே போகின்றன, கால்கள் இடறுகின்றன, குரல் உடைகிறது. வசனம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. திரையில் ஒரு பெண் இப்படி ஓடி நான் பார்த்தது அரிது.

அந்தப் படத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியபோது ஒரு வெள்ளையினப் பத்திரிகையாளர் எழுந்து தன் மனதைத் திறந்தார். இந்தப் படத்தில் கறுப்பினச் சிறுவன் தன் தகப்பனை 'டாடி' என்று கூப்பிடுவதைக் கேட்டு எனக்குச் சங்கடமாக இருந்தது, என் மகனும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான், எனக்குள் இப்படி ஒரு பாகுபாடு இருப்பதே இன்றுதான் தெரிந்தது என்றார். டைசன் இதைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நடிப்பதோடு தன் வேலை முடியவில்லை, எந்தப் படத்தில் நடிக்கிறோம் என்பதும் தன் வேலைதான் என்று அவர் தீர்மானித்தது அங்கேதான்.

'சவுண்டர்' அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையைத் தந்தது. அதே ஆண்டு பாடகி டயானா ராஸும் சிறந்த நடிகைக்கான பட்டியலில் இருந்தார். ஒரே ஆண்டில் இரண்டு கறுப்பினப் பெண்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல்முறை. விருது லைசா மினெல்லிக்குப் போனது. போகட்டும். இதன் பிறகாவது ஹாலிவுட் கதாசிரியர்கள் டைசனை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டாமா? எழுதவில்லை. துப்பாக்கியும் போதைப்பொருளுமாகக் கறுப்பினப் படங்கள் மலிந்திருந்த அந்த ஆண்டுகளில் வந்த வாய்ப்புகளை அவர் திருப்பி அனுப்பினார். அடுத்த நல்ல வேடம் தொலைக்காட்சியிலிருந்துதான் வந்தது.

எர்னஸ்ட் கெய்ன்ஸின் நாவலை வைத்து 1974 ஜனவரியில் சிபிஎஸ் ஒளிபரப்பிய 'மிஸ் ஜேன் பிட்மேனின் சுயசரிதை' அது. அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரைப் பார்த்து, மனித உரிமைப் போராட்டக் காலம் வரை உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் கதை. இருபதுகளில் இருப்பவளாகவும் 110 வயதுக் கிழவியாகவும் டைசனே நடித்தார். ஸ்டான் வின்ஸ்டன், ரிக் பேக்கர் இருவரும் செய்த ஒப்பனை இன்றும் பேசப்படுகிறது. நான் வியப்பது ஒப்பனைக்கு அடியில் இருந்ததை. முதியோர் இல்லங்களுக்குப் போய், மிக வயதானவர்கள் எப்படி உட்கார்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று கூர்ந்து கவனித்துவிட்டு வந்தார். கடைசியில் ஜேன், நீதிமன்றத்தின் முன் உள்ள வெள்ளையருக்கு மட்டுமான குடிநீர்க் குழாயை நோக்கித் தடியூன்றி நடக்கிறாள். அவசரமே இல்லை. ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுகிறது. போய்ச் சேர்ந்து, குனிந்து, தண்ணீர் குடிக்கிறாள். அந்த நடைக்கு டைசனுக்கு ஒன்றல்ல, தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் இரண்டு கொடுத்தார்கள். தென் கரோலினாவில் பிறந்து ரோட் ஐலண்டில் வறுமையில் வளர்ந்த ஒரு சிறுமி இந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் நடிகையாவது என்று முடிவெடுத்தாள். அவர் வயோலா டேவிஸ்.

பிறகு 'ரூட்ஸ்' தொடரில் அடிமையாக்கப்படும் ஆப்பிரிக்க இளைஞன் குன்டா கின்டேயின் தாய், அடிமைகள் பலரைத் தப்புவித்த ஹாரியட் டப்மேன், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா என்று வரலாற்றில் வாழ்ந்த பெண்களாகவும் வாழ்ந்திருக்கக்கூடிய பெண்களாகவும் வந்தார். 1981இல் ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸை மணந்தார். அந்த உறவு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் முறிந்தது. இதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை.

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 1983இல் அவர் நடித்த ஒரு நாடகம் விரைவிலேயே நின்றது. அதன் பின் முப்பது ஆண்டுகள் அந்த மேடை அவருக்கு மூடியே கிடந்தது.

இடையில் 1985இல் ஹோர்ட்டன் ஃபுட்டின் 'தி டிரிப் டு பவுன்டிஃபுல்' படமாக வந்தது. ஹியூஸ்டனில் மகன் வீட்டில், நெருக்கடியான அறைகளில், மருமகளோடு ஒத்துப்போகாமல் வாழும் கேரி வாட்ஸ் என்ற முதியவள், பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வீட்டை விட்டுக் கிளம்பி பஸ் ஏறுகிறாள். ஜெரால்டின் பேஜ் அதில் நடித்து ஆஸ்கர் வாங்கினார். படம் பார்த்த டைசன் தன் முகவரிடம் போய், எனக்கும் இப்படி ஒரு 'பவுன்டிஃபுல்' வாங்கிக் கொடுங்கள், அதோடு ஓய்வு பெற்றுவிடுகிறேன் என்றார். கிடைக்கக் கால் நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. 2013இல் கறுப்பின நடிகர்களை வைத்து மைக்கேல் வில்சன் இயக்கிய அந்த நாடகத்தில் கேரி வாட்ஸாக டைசன் மேடையேறியபோது அவருக்கு வயது 88.

வெள்ளையினக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட நாடகம் அது. ஆனால் இனப் பிரிவினை நிலவிய டெக்சாஸில் ஒரு கறுப்பினக் கிழவி இரவில் பஸ் நிலையத்தில் தனியே நிற்கிறாள் என்றாலே ஒவ்வொரு வசனத்துக்கும் கனம் கூடிவிடுகிறது. அங்கே கேரி ஒரு தேவாலயப் பாடலைப் பாடத் தொடங்குவாள். ஒவ்வோர் இரவும் பார்வையாளர்கள் தாங்களாகவே கூடச் சேர்ந்து பாடினார்கள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பிராட்வேயில் பார்வையாளர்கள் அமைதியாக இருப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை மறந்து ஓர் அரங்கமே வாய்விட்டுப் பாடியது.

அந்த வேடத்துக்காக டோனி என்ற நாடக விருதை வாங்கும்போது, பேச்சை முடித்துக்கொள்ளச் சொல்லி 'ராப் இட் அப்' (wrap it up) என்று திரையில் எழுத்து ஓடியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் போர்த்தி அணைப்பது என்றும் பொருள் உண்டு. அதையே பிடித்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு என்னை நீங்கள் அப்படித்தான் கைகளுக்குள் அணைத்துக்கொண்டீர்கள் என்று சொல்லி முடித்தார்.

முகவருக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றவில்லை. அதற்காக மகிழ்கிறேன். 2015இல் 'தி ஜின் கேம்' நாடகத்தில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் அவரும் சீட்டாட்ட மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். 1961இல் அந்தச் சிறிய அரங்கில் ஒன்றாக நின்ற அதே இருவர். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வயோலா டேவிஸுக்குத் தாயாக வந்து, மகளைத் தரையில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டார். நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில் அவர் பெயரில் ஒரு கலைப் பள்ளி இயங்குகிறது. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடாமல், அங்கே போய் மாணவர்களோடு நேரம் செலவிட்டார். 2016இல் ஒபாமாவின் கையால் சுதந்திரப் பதக்கம், 2018இல் கௌரவ ஆஸ்கர். தன் வாழ்க்கைக் கதை புத்தகமாக வெளிவந்து இரண்டே நாள் கழித்து, 2021 ஜனவரி 28 அன்று, 96 வயதில் இறந்தார்.

அவரை இதுவரை பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்வேன். விருதுகளின் வரிசையில் பார்க்காதீர்கள். 'சவுண்டர்' படத்தில் தொடங்குங்கள். அதற்கு அடுத்து 'மிஸ் ஜேன் பிட்மேன்' பாருங்கள். முதல் படத்தில் தலை தெறிக்க ஓடியவர், இரண்டே ஆண்டுகள் கழித்து அடுத்ததில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கிறார். இரண்டும் ஒரே உடம்பு என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.