முதுகு நோவும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால்

முள்ளந்தண்டில் கிருமி பிடித்து எங்கள் வாட்டுக்கு வருபவர்களில் அநேகர் அதற்கு முன்பே எண்ணெய் பூசி, ஊசி போட்டு, நோ மாத்திரையும் விழுங்கிப் பார்த்திருப்பார்கள். சீனி வருத்தக்காரர், டயாலிசிஸ் செய்பவர், காலில் ஆறாத புண் உள்ளவர் என்றால் உடனே சந்தேகிக்க வேண்டும். சாதாரணப் பிடிப்பு படுத்தால் குறையும், இது இரவில் கூடும். எக்ஸ்ரேயில் முதல் சில வாரங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த 'நல்ல' எக்ஸ்ரேயை நம்பி வீட்டில் இருந்தவர்கள்தான் கால் விளங்காமல் வருகிறார்கள்.

மூச்சு வாங்குகிறது, பேச்சு தடுமாறுகிறது, சிறுநீர் குறைகிறது என்றால் கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். முன்பு குடித்த மாத்திரையின் அட்டையையும் கொண்டு வாருங்கள். வாட்டில் முதல் மணித்தியாலம் முக்கியம். அன்டிபயோட்டிக்குக்கு முன் பிளட் கல்ச்சர் (இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), வெவ்வேறு இரண்டு இடங்களில் குத்தி, போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீட்டர். ஒரே குத்தில் எடுத்த கொஞ்ச இரத்தத்தைப் பங்கிட்டு ஊற்றினால் கிருமி பிடிபடாமல் போகும். பிரஷர் விழுந்திருந்தால் கிலோவுக்கு 30 மில்லிலீட்டர் சேலைன். 60 கிலோ ஆளுக்கு 1800, மூன்று மணித்தியாலத்துக்குள். சிறுநீரகம், இதயம் பழுதானவரில் நெஞ்சைக் கேட்டுக் கேட்டுத்தான் ஏற்ற வேண்டும். அதற்கும் பிரஷர் ஏறாவிட்டால், அதை ஏற்றும் மருந்தான நோரட்ரினலின்.

நிலைமை நிதானமாக இருப்பவர் விஷயம் வேறு: ஸ்கான் பார்த்து ஊசியால் மாதிரி எடுக்கும்வரை அன்டிபயோட்டிக்கைத் தள்ளிப்போடலாம், மருந்து முந்தினால் மாதிரியில் கிருமி பிடிபடாமல் போகலாம். சொந்தக்காரருக்கு இது விளங்காது, கோபம் வரும். நியாயம்தான்.

எம்ஆர்ஐ முழு முதுகுக்கும் எடுங்கள், சீழ் ஓரிடத்தில் மட்டும் நிற்காது. கால் பலம் குறைகிறது, சிறுநீர் அடைக்கிறது என்றால் மருந்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. நரம்பை நெரிக்கும் சீழை உடனே வெட்டி எடுக்க வேண்டும். எலும்பு கரைந்திருந்தால் ஸ்குரூவும் கம்பியும் போடுவார்கள். வெளி வைத்தியசாலையிலிருந்து கொழும்புக்கு அனுப்புபவர்கள் ஸ்கான் சீடி, கல்ச்சர் எடுத்த நேரம், முதல் டோஸ் போட்ட நேரம் மூன்றையும் எழுதி அனுப்பினால் பாதி இரவு மிச்சம். எடுத்த சீழில் காசநோயையும் பார்க்கச் சொல்லுங்கள். வயல் சேற்றில் இறங்குகிற சீனி வருத்தக்காரர் என்றால் மெலியோய்டோசிஸ் (சேற்று மண்ணில் இருக்கும் கிருமியால் வரும் நோய்) சந்தேகத்தை லேப்புக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற வழக்கமான கிருமிக்குப் போடும் ஃபுளூக்ளொக்சசிலின் அன்டிபயோட்டிக் அதைத் தொடாது.

ஒபரேஷனுக்குப் பிறகு நோயாளியைப் படுக்கையில் திருப்புவதற்கு நான்கு பேர்: ஒருவர் தலைமாட்டில், ஒருவர் தோள், ஒருவர் இடுப்பு, ஒருவர் கால். தலைமாட்டில் நிற்பவர் எண்ணிச் சொல்ல, மரக்கட்டை புரளுவதுபோல் உடம்பு ஒரே தடவையில் திரும்ப வேண்டும்.

அன்டிபயோட்டிக் வழக்கமாக 6 வாரம். காய்ச்சல் விட்டதும் துண்டு வெட்டித் தரச் சொல்லிக் கேட்பார்கள். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சீஆர்பி அளவு இறங்குகிறதா என்று பார்க்காமல் விட மாட்டோம். இடையில் எடுக்கும் எம்ஆர்ஐ, ஆள் தேறி வரும்போதும் மோசமாகத் தெரியலாம். படத்தைவிட, நோயாளி எழுந்து நடப்பதைப் பாருங்கள். காசநோய் என்று வந்தால் 6 வாரக் கணக்கு செல்லாது, மார்புநோய் கிளினிக்கில் மாதக்கணக்கில் மருந்து.