பயாஸில் இருக்கிற எஸ்எஸ்டி, விண்டோஸ் இன்ஸ்டாலரில் காணோம்

விண்டோஸ் இல்லாமல் டாஸோடு வரும் லேப்டாப் என்றால் கொஞ்சம் காசு மிச்சம் என்று தங்கைக்கு 11வது ஜெனரேஷன் ஐ5 போட்ட ஒன்றை வாங்கினோம். விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை (நிறுவுவதற்கான கோப்பு) இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்துப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, மொழி கீபோர்டு எல்லாம் தாண்டி எந்த டிரைவில் நிறுவ வேண்டும் என்று கேட்கிற திரைக்கு வந்தால், பட்டியல் காலி. டிரைவே கிடைக்கவில்லையாம், டிரைவர் (ஒரு பாகத்தோடு விண்டோஸ் பேச உதவுகிற மென்பொருள்) இருந்தால் கொடு என்கிறது.

கடைக்குப் போன் போட்டால் "எஸ்எஸ்டி போயிருக்கும் சார், கொண்டு வாங்க" என்றார்கள், அதாவது உள்ளே இருக்கிற சேமிப்பு டிஸ்க். அதை நம்பிக் கிளம்புவதற்கு முன் பயாஸை (விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற, லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கிற இடம்) திறந்து பார்த்தேன். 512 ஜிபி என்விஎம்இ வகை எஸ்எஸ்டி, மாடல் எண்ணோடு ஜம்மென்று அங்கே இருக்கிறது. செத்துப்போன டிஸ்க் பெரும்பாலும் பயாஸிலேயே தெரியாது. அப்படியென்றால் கோளாறு டிஸ்க்கில் இல்லை, இன்ஸ்டாலருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஏதோ நிற்கிறது.

நின்றது விஎம்டி (வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ்). இன்டெல் முதலில் சர்வர்களுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு இது, 11வது ஜெனரேஷனிலிருந்து லேப்டாப் சிப்களிலும் வந்துவிட்டது. இது ஆன் ஆகியிருந்தால் என்விஎம்இ டிஸ்க் நேரடியாகக் கண்ணில் படாது, விஎம்டி கன்ட்ரோலர் வழியாகத்தான் அதை அடைய முடியும். அந்தக் கன்ட்ரோலருக்கான டிரைவர் விண்டோஸ் பென்டிரைவில் இல்லை, விஷயம் அவ்வளவுதான்.

வழி இரண்டு. பயாஸில் விஎம்டியை அணைத்துவிடலாம் (சில லேப்டாப்களில் பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால்தான் அந்த வரியே தெரியும், யார் யோசித்தார்களோ). காலி டிஸ்க்கில் புதிதாகப் போடுகிறவர்களுக்கு அது ஒத்துவரும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கிற மெஷினில் சட்டென்று அணைக்காதீர்கள், அடுத்த முறை பூட் ஆகும்போது நீலத்திரைதான் வரும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் ரெக்கவரி கீயையும் கேட்டு நிற்கும், அந்த 48 இலக்க எண் கையில் இல்லை என்றால் உள்ளே இருக்கிற கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான்.

நான் டிரைவர் ஏற்றுகிற வழியில் போனேன், நாளைக்கு யாராவது பயாஸை பழைய நிலைக்கு ரீசெட் செய்தாலும் விண்டோஸ் படுத்துக்கொள்ளாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. விஎம்டிக்கான டிரைவர் இன்டெல்லின் ஆர்எஸ்டி என்ற தொகுப்புக்குள் இருக்கிறது; லேப்டாப்பின் சப்போர்ட் பக்கத்தில் ஆர்எஸ்டி டிரைவர் என்று தேடினால் விண்டோஸுக்குள் ஓடவைக்கிற இஎக்ஸ்இ கோப்புதான் கிடைக்கும், இன்ஸ்டாலருக்கு வேண்டியதோ அதற்குள் இருக்கிற ஐஎன்எஃப் கோப்பு. அதனால் வேறொரு கம்ப்யூட்டரில் அந்த இஎக்ஸ்இயைப் பிரித்தெடுக்க வேண்டும். சிலவற்றை 7-ஜிப் என்ற மென்பொருளே பிரித்துவிடும். இன்டெல்லின் செட்டப்ஆர்எஸ்டி கோப்பு என்றால் கமாண்ட் பிராம்ப்டில் அதன் பெயரோடு -எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ் என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் சேர்த்து, எந்த ஃபோல்டருக்குள் பிரிக்க வேண்டும் என்று பாதையும் கொடுக்க வேண்டும். உள்ளே விஎம்டி என்று ஒரு ஃபோல்டர் வரும், அதை முழுசாகப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, இன்ஸ்டாலரில் லோட் டிரைவர், பிரவுஸ் என்று போய் அதைக் காட்டினால் போதும். பட்டியலில் 9ஏ0பி என்று முடிகிற விஎம்டி கன்ட்ரோலர் வந்தது (12வது ஜெனரேஷன் என்றால் 467எஃப்). அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்ததும் டிஸ்க் வந்துவிட்டது. ஒன்றுமே வரவில்லை என்றால் உங்கள் சிப்புக்குப் பொருந்தாத பதிப்பை இறக்கியிருப்பீர்கள்.

இதற்கு நடுவில் டச்பேடும் வேலை செய்யவில்லை, அதற்கும் டிரைவர் வேண்டுமாம், யுஎஸ்பி மவுஸ் ஒன்றைச் செருகிச் சமாளித்தேன். காப்பி எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆன பிறகு இன்டர்நெட் இல்லாமல் நகர மாட்டேன் என்றது விண்டோஸ் 11, வைஃபை டிரைவரும் இல்லை. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டால் நெட் கிடைத்துவிடுகிறது, அதற்குத் தனி டிரைவர் தேவைப்படவில்லை. டெஸ்க்டாப் வந்ததும் அதே கேபிளிலேயே விண்டோஸ் அப்டேட் ஓடவிட்டேன், டச்பேடு, வைஃபை இரண்டும் தானாக வந்துசேர்ந்தன. டேட்டா நிறையப் போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.