ஆறு மணித்தியாலம், ஒரே ஒழுங்கை

43.2 கிலோமீற்றர்! மரதன் தூரம் 42.195. அதற்கு மேலே ஓடினால் அல்ட்ரா என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் இனி நானும் அல்ட்ரா ஓடினவன். லித்துவேனியாக்காரர் சொரோக்கின் 2022இல் வெரோனாவில் 24 மணித்தியாலத்தில் 319.614 கிலோமீற்றர் ஓடியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் இது சில்லறைதான். இருந்தாலும் கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் போகிறேன்.

ஊர் ஓட்டக்காரர் கொஞ்சப்பேர் சேர்ந்து வைத்த ஆறு மணித்தியால ஓட்டம் இது. பதக்கமும் இல்லை, பதிவுக் காசும் இல்லை. மாசிப் பறுவத்தன்று இரவு ஒரு மணிக்குத் தொடக்கம், காலை ஏழுக்கு முடிவு. ஒரு நண்பர் வீட்டுப் படலைக்கு முன்னால் மேசை. அங்கிருந்து வைரவர் கோவில், வயற்கரை, மதகு, புளியமரம், திரும்ப மேசை. ஒரு சுற்று 1.2 கிலோமீற்றர். எத்தனை சுற்று முடியுமோ அத்தனை. களைத்தால் கதிரையில் இருக்கலாம், படுக்கலாம், வீட்டுக்கும் போகலாம். அரைமரதன் ஓடிப் பழகியவர்கள் முதல் அல்ட்ராவுக்கு இப்படியான ஓட்டத்தைத்தான் தேடவேண்டும் என்பது என் கட்சி. வழி தவறாது, தண்ணீர் சுமக்கத் தேவையில்லை, கடைசி ஆளாக வந்துசேருகிற வெட்கமும் இல்லை. ஏழு மணிக்கு எல்லோருக்கும் ஒன்றாகத்தான் முடியும்.

தூரத்தை ஜிபிஎஸ் கையில் விடவில்லை. மரத்துக்குக் கீழேயும் வளைவிலும் அது தன்பாட்டுக்குக் கூட்டும், குறைக்கும். பழைய லுமாலா சைக்கிளின் முன்சில்லில் சோக்கால் ஒரு கோடு போட்டு, ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று நிலத்தில் அளந்து, பிறகு ஒழுங்கை முழுவதும் உருட்டி எண்ணினோம். உலகத் தரத்தில் மரதன் பாதைகளை அளப்பதும் சைக்கிள் சில்லை வைத்துத்தான். அவர்கள் சில்லில் ஒரு எண்ணும் கருவி பூட்டுவார்கள், நாங்கள் வாயால் எண்ணினோம். 35 சுற்று முடிய 42 கிலோமீற்றர். மிச்சம் 195 மீற்றர். மேசையிலிருந்து வைரவர் 150 மீற்றர். அதற்கு 45 மீற்றர் தள்ளி, ஒரு கிடுகுவேலி மூலையில் சுண்ணாம்பால் கோடு போட்டுவைத்தோம். அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் அல்ட்ரா.

சரி, நான் எழுத வந்தது நடையைப் பற்றி.

ஓட்டத்துக்கு நடுவில் நடக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே நடப்பது என்பதில்தான் என் மூளை முழுவதும் செலவானது. மணிக்கூட்டைப் பார்த்து இத்தனை நிமிடம் ஓட்டம், இத்தனை நிமிடம் நடை என்று பழகிப் பார்த்தேன்; இருட்டில் அது தொல்லை. களைத்தபோது நடப்போம் என்றால், களைப்பு வந்தபிறகு நடை ஓட்டமாக மாறுவதே இல்லை. குட்டிச் சுற்றில் இதற்கு நல்ல வழி உண்டு: இடத்தைக் கட்டிவிடுவது. மேசை தொடங்கி வைரவர் வரைக்கும் நடை, மிச்சம் முழுக்க ஓட்டம். முதல் சுற்றிலிருந்தே அப்படி. கால் புதிதாக இருக்கும்போது ஒன்றரை நிமிடம் நடப்பது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது, மற்றப் பெடியள் பக்கத்தால் பறந்தார்கள். நாலு மணிக்குப் பிறகு அவர்களில் பாதிப்பேர் கதிரையில்.

மேசைக்கு முன்னால் இருக்கிற புளியமரத்தடியில் நடந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். நடந்து வந்து, மேசையில் நின்று தின்று, பிறகு ஓடத் தொடங்கினால் இரண்டு வகையில் நட்டம்: நிற்கிற நேரம் வீண், வயிற்றில் சாப்பாடு குலுங்கும். மேசையில் எடுத்துக்கொண்டு நடந்தால் நிற்கவே தேவையில்லை. வைரவரடிக்குப் போகும்போது வாய் காலி. ஒரு சுற்று கிட்டத்தட்ட பத்து நிமிடத்தில் வந்தது, மணிக்கு ஆறு சுற்று.

சாப்பாடு பனங்கட்டி. ஓட்டக்காரர் வழியில் உறிஞ்சுகிற இனிப்பு ஜெல் வாங்கிக் கட்டாது, அதன் வழவழப்பும் எனக்கு ஒத்துவராது. குட்டானை, அதாவது சின்ன ஓலைப்பெட்டியில் வருகிற பனங்கட்டியை, உடைத்து, சமையல் தராசில் 15 கிராம் துண்டுகளாக நிறுத்து வைத்தேன். இரண்டு சுற்றுக்கு ஒரு துண்டு. மணிக்கு 45 கிராம். நீண்ட ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்று சொல்வார்கள், அதற்குள் நிற்கும். பனிக்குளிரில் கட்டி கல்லாகிவிடும் என்பதால் கடித்து மெல்லாமல் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, வேர்க்கொம்பு தட்டிப் போட்ட பிளேன்ரீயை ஒவ்வொரு வாயாகக் குடிக்கவேண்டும். ரீ கொதிக்கக் கூடாது, ஆறவும் கூடாது. பிளாஸ்கிலிருந்து சின்னப் போத்தலுக்கு மாற்றித் தருவதற்கென்றே நண்பரின் தாயார் விழித்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்து அம்மம்மா ஒருவர் எழும்பி வந்து, "என்ன தம்பியவை, ஏதும் நேர்த்தியோ?" என்று கேட்டார். நல்லூரில் வெயிலில் அங்கப்பிரதட்சணை செய்கிறவர்களைப் பார்த்த ஊர், அதனால் அவருக்கு அது பெரிய அதிசயமில்லை. நியூயோர்க் குயின்ஸ் பகுதியில் 883 மீற்றர் வட்டத்தைச் சுற்றி 3100 மைல் ஓடுகிறார்கள் என்று சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

குட்டான் கொடிகாமம் சந்தையில் வாங்கினது. பனங்கட்டி வாங்கும்போது கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள். சீனி கலந்தது வெறும் இனிப்பு, நல்லதில் பின்னால் ஒரு கரிப்பு நிற்கும். உப்புக்கு ஜீவனி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள். பொட்டலத்தில் சொன்னபடி ஒரு லீற்றரில் கரைக்கவேண்டும்; 'ஸ்ரோங்' ஆக இருக்கட்டும் என்று அரைப் போத்தலில் கரைத்த ஒருவர் வயலுக்குள் ஓடினார், அதைச் சுற்றில் சேர்க்கவில்லை.

சப்பாத்துத்தான் கோபம். ஓட்டத்தில் கால் வீங்கும், அரை அளவு பெரிதாகத் தாருங்கள் என்று ரவுணில் ஒரு கடையில் கெஞ்சினேன். "போடப் போட இடங்குடுக்கும் தம்பி" என்று கட்டித் தந்துவிட்டார்கள். இடங்கொடுத்தது என் பெருவிரல் நகம்தான், இப்போது கறுத்துப்போய் நிற்கிறது.

சுற்று எண்ணுவதற்கு ஆளுக்கொரு சிரட்டையும் புளியங்கொட்டையும். மேசையைக் கடக்கும்போது ஒரு கொட்டையை உங்கள் சிரட்டையில் போடவேண்டும். நல்ல முறை, ஆனால் ஐந்து மணிக்குப் பிறகு போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கொப்பியில் கோடு போட்டுவைத்ததால் தப்பினோம். மதகடி நாய்கள் தொடக்கத்தில் குரைத்துத் துரத்தின. பிறகு அவற்றுக்கே அலுத்துவிட்டது.

36ஆவது சுற்றில் அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பனி அழித்திருந்தது. எது எல்லை என்று தெரியாமல் வேலி மூலையைத் தொட்டுவிட்டுப் போனேன். சுற்றை முடித்தபோது ஏழுக்கு ஒரு நிமிடமும் இல்லை. உப்புப் போட்ட மோர், இரண்டு செம்பு.

நகம் இன்னும் விழவில்லை, அதற்குள் அடுத்ததற்கு ஆசை வந்துவிட்டது. அமெரிக்காவில் தொடங்கிய பக்யார்ட் முறை: மணிக்கொரு தடவை 6.706 கிலோமீற்றர், 24 மணித்தியாலத்தில் 100 மைல். நாங்கள் ஆறு மணித்தியாலத்தோடு நிறுத்துவோம். யாழ்ப்பாணப் பண்ணைப் பாலத்தில் போய்த் திரும்பலாம் என்கிறார்கள். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்கினால் அங்கே பக்கக்காற்று ஆளைத் தள்ளும், நிழலும் கிடையாது. சோளகத்துக்கு முன்னாலேயே அளந்துவிடவேண்டும். வாயால் எண்ணி அவ்வளவு தூரம் உருட்ட என்னால் ஏலாது, சில்லில் மீற்றர் பூட்டின சைக்கிள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.