சென்சார் தன் சூட்டைத்தான் சொல்லும்

வெப்பநிலை சென்சார் கேட்டு எந்தப் பிரிவிலிருந்து கோரிக்கை வந்தாலும், அதில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: “நல்ல அக்யூரசி உள்ளதாக வேண்டும்.” எத்தனை டிகிரி வரை, திரவமா வாயுவா, குழாயிலா தொட்டியிலா, எவ்வளவு வேகமாக மாறும், அந்த அளவை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒன்றும் இருக்காது. இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் என் வேலையில் பெரும்பங்கு, விட்டுப்போன இந்தக் கேள்விகளைக் கேட்டு வாங்குவதுதான்.

அதில் கடைசிக் கேள்விக்கு நான் அதிக நேரம் கொடுப்பேன். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி செல்சியஸில் ஓட வேண்டும். 120-ல் ஓடினால், சூட்டைத் தாங்கும் நுண்ணுயிர்கள் அழியும் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அங்கே அரை டிகிரிக்காகச் சண்டை போட வேண்டும், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் சாதாரண உலர்த்தும் அறையின் சூடான காற்று இரண்டு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது; தினமும் ஒரே மாதிரி காட்டினால் போதும். இரண்டு இடத்துக்கும் ஒரே சென்சாரை எழுதிக்கொடுப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

வகையைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் எளிதான பகுதி. சில நூறு டிகிரிக்குள் முடியும் வேலை என்றால் பிளாட்டினம் ஆர்டிடி, அதாவது பிடி 100; சூடு ஏற ஏற அதன் பிளாட்டினத்தின் மின்தடை கூடும், அதை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடுவோம். பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதை வைத்துச் சென்சார்களைக் கிளாஸ் பிரிப்பார்கள்: 100 டிகிரியில் ஏ கிளாஸ் பிடி 100-க்கு அனுமதித்த பிழை 0.35 டிகிரி, பி கிளாஸுக்கு 0.8 டிகிரி. இன்னொரு வகை, இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்து, அதில் உண்டாகும் சிறு மின்னழுத்தத்தை அளக்கும் தெர்மோகப்பிள்; அதே 100 டிகிரியில் கே (K) வகை தெர்மோகப்பிளின் முதல் கிளாஸுக்கே ஒன்றரை டிகிரி. ஆனால் ஃபர்னஸ் 1000 டிகிரி என்றால் பிடி 100 தாங்காது, தெர்மோகப்பிள்தான். அங்கே முதல் கிளாஸுக்குக்கூட நான்கு டிகிரி பிழை அனுமதி என்பதை ஏற்றுக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

சரி, கேட்லாக் இதோடு நின்றுவிடுகிறது. பிரச்சினை தொடங்குவது இதற்கு அப்புறம்தான். சென்சார் குழாய்க்குள் ஓடும் திரவத்தின் வெப்பநிலையைச் சொல்வதில்லை. தன் முனை எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதை மட்டுமே சொல்லும். அந்த இரண்டையும் ஒன்றாக்குவது நம் பொறுப்பு.

ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (ஒரு திரவத்தின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) வெளிவழிக் குழாயில் சென்சார் சில டிகிரி குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தது. அதை ஓட்டிப் பழகிய ஆபரேட்டர்கள் அளவு குறைவு என்பதைச் சரியாகவே சொன்னார்கள். சென்சார்தான் மோசம் என்று முடிவு செய்து ஏ கிளாஸ் ஒன்று வாங்கிப் போட்டார்கள், அளவு அசையவில்லை. காரணம் தெர்மோவெல், அதாவது சென்சாரைப் பாதுகாக்கக் குழாய்க்குள் நீட்டியிருக்கும் உலோக உறை. மெல்லிய குழாயில் குறுக்கே குத்தியிருந்ததால் அதன் முனை குழாயின் சுவரைத் தாண்டிக் கொஞ்சம்தான் உள்ளே போயிருந்தது. உள்ளிருந்த சூடு உலோகத் தண்டு வழியாக வெளிக்காற்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது. திரவத்துக்குள் மூழ்கும் நீளம் தண்டின் விட்டத்தைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு; வாயுவுக்கு இன்னும் கூடுதல். குழாய் வளையும் எல்போவில், ஓட்டத்தை எதிர்நோக்கி நீளவாக்கில் இறங்கும்படி தெர்மோவெல்லை மாற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதிக்கு இன்சுலேஷன் சுற்றினோம். அளவு ஏறி நின்றது. முதலில் இருந்த பி கிளாஸ் சென்சாரே அங்கே போதும்.

அடுத்து வயர். இரண்டு வயர் இணைப்பில் பிடி 100-ஐ மாட்டினால், கேபிளின் ஒரு ஓம் மின்தடைகூட 2.6 டிகிரி கூடுதலாகத் தெரியும். மூன்று வயரில் இது கழிந்துவிடும், ஆனால் மூன்றும் ஒரே அளவு தடை உள்ளவையாக இருந்தால்தான். ஒரு டெர்மினல் துருப்பிடித்தாலே அந்தக் கணக்கு போயிற்று. முக்கியமான இடமென்றால் நான் நான்கு வயருக்குப் போய்விடுவேன். தெர்மோகப்பிளில் தொல்லை வேறு விதம். அதன் கம்பிகளுக்குப் பொருந்தும் உலோகத்தில் செய்த தனிக் கேபிளை விட்டுவிட்டுச் சாதாரண தாமிர வயரை இழுத்தால், ஜங்ஷன் பாக்ஸின் சூடும் அளவுக்குள் நுழைந்துவிடும். நிறத்திலும் கவனம் வேண்டும்: அமெரிக்க முறையில் சிவப்பு வயர்தான் நெகட்டிவ். கேபிளின் இரண்டு முனையிலும் வயர் மாறிப்போனால் அளவு தலைகீழாக ஓடாது, நம்பும்படியாகவே ஏறி இறங்கும். பிழை மட்டும், சென்சாரின் தலைக்கும் (கேபிளை இணைக்கும் பெட்டி) பேனலுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு இருக்கும். கண்டுபிடிக்க மிகவும் கஷ்டமான கோளாறு இது.

ஃபர்னஸ்களில் கே வகையை எழுதும் முன் உள்ளே என்ன வாயு என்று அவசியம் கேட்பேன். ஆக்சிஜன் குறைவான சூழலில், ஏறக்குறைய 800 முதல் 1050 டிகிரிக்குள், கம்பியிலுள்ள குரோமியம் மட்டும் ஆக்சைடாகிப் பச்சை நிறம் தட்டும். அளவு மெல்ல மெல்லக் குறையும். கன்ட்ரோலர் அதை நம்பி இன்னும் சூடேற்றும். பொருள் வெந்து கெட்ட பிறகுதான் வெளியே தெரியும். சூடான ஃபர்னஸ் வேலைக்கு, கே-யைவிட நிலையான ‘என்’ (N) வகை தெர்மோகப்பிளை நான் பலமுறை பரிந்துரைத்திருக்கிறேன். விலையில் இருக்கும் வித்தியாசம் கெட்டுப்போகும் ஒரு லோடு சரக்குக்கு முன் ஒன்றுமில்லை.

இன்னொன்று, பழைய தெர்மோகப்பிளைக் கழற்றி ஆய்வகத்தில் கேலிப்ரேட் செய்து, அதாவது சரியான அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, “நன்றாக இருக்கிறது” என்று சான்று வாங்குவது. தெர்மோகப்பிளின் மின்னழுத்தம் முனையில் பிறப்பதில்லை. சூட்டிலிருந்து குளிருக்கு வரும் கம்பியின் நீளத்தில் பிறக்கிறது. ஃபர்னஸில் கெட்டுப்போன பகுதி, ஆய்வகத்தின் சிறிய உலைக்குள் ஒரே சீரான சூட்டில் மூழ்கிவிட்டால் அதன் கோளாறு வெளியே தெரியவே தெரியாது. அதனால் பாதுகாப்புக் குழாய் வாங்கும்போதே, அதில் சோதனை சென்சார் இறங்க இரண்டாவதாக ஒரு சிறு துளையும் வேண்டும் என்று ஆர்டரில் எழுதிவிடுவேன். பழையது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் புதியதை அதே ஆழத்துக்கு இறக்கி, ஃபர்னஸ் ஓடும்போதே இரண்டையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளலாம்.