பெரியம்மா சொன்னது, செவிலியர் சொன்னது

மகள் பிறந்தபோது 2.9 கிலோ. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது 2.7. குறைந்த அந்த 200 கிராமைப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

தேன் தொட்டுச் சேனை வைக்கச் சொன்னார் பெரியம்மா. பால் பத்தவில்லை, பவுடர் வாங்கு என்றார் எதிர்வீட்டு அக்கா. வெயில் காலம், நாக்கு வறளும், தண்ணீராவது கொடு என்றார் சித்தி. எல்லாருமே பிள்ளை வளர்த்தவர்கள், எங்கள் மேல் பிரியமானவர்கள். அதனாலேயே மறுத்துப் பேச நாக்கு எழவில்லை. ஐந்தாம் நாள் பவுடர் டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்றுதான் கிராம சுகாதார செவிலியரும் வந்தார். வந்தவுடன் எதுவும் சொல்லவில்லை. "பால் கொடும்மா, பார்க்கிறேன்" என்று பாயில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை காம்பை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, கருவட்டமும் உள்ளே போகும்படி, தாடை மார்பில் பதிய அணைத்துக் காட்டினார். வலி குறைந்தது. அவள் மடக் மடக்கென்று விழுங்குவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம்தான் எடைப் பேச்சு. முதல் சில நாட்களில் பத்தில் ஒரு பங்குவரை குறையலாம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். ஐந்தாம் நாளுக்குமேல் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்று எண்ணச் சொன்னார். ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம், வெயிலுக்கும் தாய்ப்பாலே போதும். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா பச்சைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கி வா என்றும் சொன்னார்.

குழந்தையைப் பார்த்துவிட்டுப் பேசியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை நினைத்துச் சொன்னார்கள். அதன்பிறகு யார் எது சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கத் தொடங்கினேன்.

பெரியவர்கள் பேச்சை மொத்தமாக ஒதுக்கவில்லை. "பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு" என்று அத்தை கதவைச் சாத்திவிட்டுப் போவார். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் நான் தாங்கியிருக்க மாட்டேன். பூண்டுக்குழம்பும் சுறாப்புட்டும் ஆசையாகச் சாப்பிட்டேன். குழந்தையின் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதை மட்டும் வேண்டாம் என்றேன். அத்தையின் முகம் வாடியது. ஆனால் எண்ணெய் விடவில்லை.

பதினான்காம் நாள் தராசு 2.95 காட்டியது. முதல் போன் பெரியம்மாவுக்குத்தான்.