குத்துவிளக்கில் மூன்று பச்சை

ரப்பர் தோட்டக் கோயில் இடம் மாறும்போதுதான் ஸ்டோரில் பல வருடம் கிடந்த பித்தளையும் வெண்கலமும் வெளிச்சத்துக்கு வரும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் அப்படி மாறிய ஒரு கோயிலிலிருந்து வந்தவை: தொங்குமணி ஒன்று, ஐந்துமுகக் குத்துவிளக்கு இரண்டு, தூக்குவிளக்கு ஒன்று, பஞ்சபாத்திரம் ஒரு செட். எல்லாவற்றிலும் பச்சை பிடித்திருந்தது. ‘புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆகும்தான். ஆனால் அடுத்த மழைக்குள் பச்சை திரும்பி வரும், முன்னைவிட ஆழமாக.

உற்சவமூர்த்தி இந்த வேலையில் சேரவில்லை. குருக்கள் கலாகர்ஷணம் செய்து சக்தியைக் கும்பத்துக்கு மாற்றும்வரை அதன் பக்கமே போகக் கூடாது.

முதல் நாள் தண்ணீர், துணி எதுவும் கிடையாது. ஒவ்வொரு பொருளையும் நான்கு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, எடை போட்டு, பருத்தி நூலில் எண் அட்டை கட்ட வேண்டும். ரப்பர் வளையம் போடக் கூடாது. பதப்படுத்திய ரப்பரில் உள்ள கந்தகம் பித்தளையையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். ரப்பர் தோட்டத்துப் பொருளுக்கு ரப்பரே ஆகாது!

அடுத்து பச்சையைப் பிரித்துப் பார்ப்பது. முழு வேலையும் இதில்தான் நிற்கிறது. கடினமாக, கரும்பச்சையாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் ஒட்டியிருப்பது பழைய களிம்பு. அது உலோகத்துக்குப் போர்வை, அதை விட்டுவிட வேண்டும். விளக்கின் எண்ணெய்த் தட்டிலும் மரை இடுக்கிலும் மெழுகுபோலப் பிசுபிசுக்கும் பச்சை வேறு. எண்ணெயின் கொழுப்பமிலமும் செம்பும் சேர்ந்த ஒருவகைச் சோப்பு அது. மூன்றாவது, வெளிர்பச்சையில் பொடியாக, சின்னக் குழிகளுக்குள் பூத்து நிற்பது. கெட்டது அது ஒன்றுதான். வெண்கல நோய் என்பார்கள், பித்தளைக்கும் வரும்.

கண்ணை மட்டும் நம்பாமல் வெள்ளி நைட்ரேட் சோதனை செய்ய வேண்டும். மூங்கில் குச்சியால் துளிப் பொடி எடுத்து, சோதனைக் குழாயில் வடிநீரோடு (காய்ச்சி வடித்த நீர்) சேர்த்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி விட்டுக் கரைத்து, வெள்ளி நைட்ரேட் கரைசல் இரண்டு துளி. பால்போலக் கலங்கினால் அந்த நோய்க்குக் காரணமான குளோரைடு இருக்கிறது. பக்கத்திலேயே வெறும் வடிநீரில் இதே சோதனையைச் செய்து ஒப்பிட வேண்டும், ஏனென்றால் குழாய்த் தண்ணீரும் கலங்கும். வொர்க்‌ஷாப்பில் விற்கும் பேட்டரி தண்ணீர் பெரும்பாலும் போதும், ஆனால் அதையும் முதலில் சோதித்த பிறகே தொட வேண்டும். பொடியைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுத்தால் சோதனை தன்னையே ஏமாற்றும், அதிலேயே குளோரைடு இருக்கிறது.

இரண்டு விளக்கிலும் பச்சையில் பெரும்பகுதி எண்ணெய்ச் சோப்புதான். ஒயிட் ஸ்பிரிட்டில் (பெட்ரோலியக் கரைப்பான்) நனைத்த பஞ்சுக் குச்சிக்கு இளகியது, மிஞ்சியது அசிட்டோனுக்கு வந்தது. பக்கத்தில் தீ இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தண்டின் மரை இறுகியிருந்தால் முறுக்கிப் பார்க்கவே வேண்டாம், காய்ந்த எண்ணெய்தான் பசையாக நிற்கிறது. ஒயிட் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஓர் இரவு விட்டால் கையோடு வரும். குறடு போட்டால் தண்டு கீறும்.

மணியின் கதை வேறு. வாயோரத்திலும் தொங்கும் வளையத்தின் அடியிலும் பத்துப் பன்னிரண்டு குழி, எல்லாம் குளோரைடு. அடியில் நடப்பது இது: உலோகத்தை ஒட்டி செம்புக் குளோரைடு சாம்பல் நிற மெழுகுபோல உட்கார்ந்திருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அது வெளிர்பச்சைப் பொடியாகும், கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிறக்கும். அந்த அமிலம் புது உலோகத்தைத் தின்று மறுபடி குளோரைடாகும். காற்றின் ஈரப்பதம் 42 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இந்தச் சுழற்சி ஏறக்குறைய நிற்கும், 55-ஐத் தாண்டினால் வேகம் எடுக்கும். தீபகற்ப மலேசியாவில் சராசரியே 80 அளவில் இருக்கிறது. அதனால் நோய் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஈரப் பெட்டி கட்டத் தேவையில்லை. குழியைச் சுத்தம் செய்து திறந்த அலமாரியில் இரண்டு இரவு வைத்தால் அதுவே பூத்துக் காட்டும்.

குளோரைடு எங்கிருந்து வருகிறது? புளியோடு சேரும் உப்பு, அபிஷேக இளநீர், கை வியர்வை. புளியின் டார்டாரிக் அமிலம் களிம்புப் போர்வையைக் கரைக்கிறது, உப்பு அந்த வாசலில் நுழைகிறது. கடையில் வாங்கும் மெருகுத் திரவத்துக்கு மாறுவதும் தீர்வில்லை. சிலவற்றில் அமோனியா இருக்கும், இழுவிசையில் இருக்கும் பித்தளையில் அது விரிசல் விழ வைக்கும். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் பித்தளைத் தோட்டாக் கூடுகள் விரிசல் விட்டதும் இதே காரணத்தால்தான்.

உலோகக் கலவை தெரிய கையடக்க எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி, துப்பாக்கி மாதிரி இருக்குமே, அது. ஓர் இடத்துக்கு 30 முதல் 60 வினாடி, குறைந்தது மூன்று இடம். பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு சுடக் கூடாது, தாங்கியில் வைக்க வேண்டும். கருவி பார்ப்பது மேல்தோலை மட்டுமே. களிம்பின் மேல் வைத்தால் வெண்கலத்தில் வெள்ளீயம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். புளியில் பலமுறை குளித்த பித்தளையில் துத்தநாகம் குறைந்து காட்டும், அந்த இடம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். கால்சியமும் பொட்டாசியமும் தலைகாட்டினால் அது திருநீறு. இணைப்பில் ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்து ஏறினால் யாரோ பற்றவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த இடத்தைச் சூடாக்கக் கூடாது.

மணிக்குச் செய்தது: உருப்பெருக்கிக்குக் கீழே குழிகளை மூங்கில் குச்சியாலும் அறுவைக் கத்தி முனையாலும் தோண்டி எடுத்து, அசிட்டோனில் எண்ணெய் போக்கி, நன்றாக உலர்த்தி, செம்பின் மேல் காப்புப் படலம் கட்டும் வேதிப்பொருளான பென்சோட்ரையசோலின் கரைசலில் 24 மணி நேரம் முழுகவைத்தோம். சாயம் கலக்காத எத்தனால் ஒரு லிட்டருக்கு 30 கிராம். நைட்ரைல் கையுறை கட்டாயம், பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் மேலே பூக்கும் வெள்ளைப் படிகத்தை எத்தனாலில் துடைக்க வேண்டும். பிறகு அலமாரிச் சோதனை. முதல் சுற்றில் மூன்று குழி மறுபடி பூத்தது, இரண்டாவதில் ஒன்று. அந்த ஒன்றில் வெள்ளி ஆக்சைடை எத்தனாலில் குழைத்து அடைத்தோம். உள்ளே மிஞ்சிய குளோரைடோடு சேர்ந்து வெள்ளிக் குளோரைடாகி வாயை மூடிக்கொள்கிறது.

இந்த பென்சோட்ரையசோல் கரைசல் பஞ்சபாத்திரத்துக்கு ஆகாது. தீர்த்தம் வாய்க்குப் போகிறது. அதற்கு வடிநீரும் மென்மையான தூரிகையும் உடனடி உலர்த்தலும் போதும். மறுபடி ஏற்றப்போகும் விளக்குக்கும் மேல்பூச்சு வேண்டாம், தீயில் உருகும், கருகும்.

மணிக்குப் பூச்சு போட்டபோதுதான் தவறு நடந்தது. பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின், அசிட்டோனில் 5 விழுக்காடு. காலை எட்டு மணிக்குப் பூசியதும் வெள்ளையாகப் புகைபடிந்தது. அசிட்டோன் பறக்கும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. அசிட்டோனிலேயே துடைத்தெடுத்து, அறையில் ஈரநீக்கி ஓட்டிவிட்டு மறுபடி பூசியபோது தெளிவாக வந்தது. இன்னொன்று: பி-72 ஏறத்தாழ 40 டிகிரியில் இளகத் தொடங்கும். மத்தியானத்தில் தகரக் கூரை ஸ்டோருக்கு அது சாதாரணம், தூசி ஒட்டிக்கொள்ளும். மேலே நுண்படிக மெழுகு மெல்லிசாகத் தேய்த்தால் தூசி பிடிப்பது குறையும்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் வெண்கலங்களுக்கு மின்பகுப்பு முறையை, அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்திக் களிம்பை நீக்குவதை, கையாண்டது. கார் பேட்டரி சார்ஜரை வைத்து அதைச் செய்து பார்க்கும் ஆசை நம் ஊர்களில் நிறையப் பேருக்கு உண்டு. களிம்பையெல்லாம் உரித்துவிடும், அதோடு எழுத்தோ தேய்ந்த வேலைப்பாடோ இருந்தால் அதுவும் போகும். வேண்டாம்.

வைப்பது ரப்பர் இல்லாத, சிலிகான் வளையம் கொண்ட பாலிபுரொப்பிலீன் பெட்டியில். 20 லிட்டருக்கு ஒரு கிலோ சிலிக்கா ஜெல், ஆரஞ்சு நிறக் காட்டி உள்ளது. நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, தவிர்க்கலாம். நிறம் மாறினால் 110 முதல் 120 டிகிரி அடுப்பில் மறுபடி ஆரஞ்சாகும்வரை. பெட்டிக்குள் வைக்கும் ஈரமானி சரியா என்று பார்க்க ஈரக் குழைவான சமையல் உப்போடு அதை ஒரு மூடிய டப்பாவில் எட்டு மணி நேரம் வைக்க வேண்டும். 75 காட்ட வேண்டும். எங்கள் மூன்று மானிகளில் ஒன்று 66 காட்டியது, அந்த வித்தியாசத்தை எழுதி அதன் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது.

புது இடத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணிலிருந்து ஏதாவது வந்தால் இவை எதுவும் பொருந்தாது. பழங்காலக் கோயில் எச்சங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அலுவலகத்துக்கோ மரபுடைமை ஆணையருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். மண்ணைக்கூடத் தட்டக் கூடாது.